நேர்காணலில் மடக்கும் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்வது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான்: “ஐந்து வருட அனுபவம் இருக்கிறது. அரசுத் தேர்வுக்குப் படித்ததில் நடுவில் ஒன்றரை வருட இடைவெளி. இப்போதைய நிறுவனத்தில் விலக 90 நாள் நோட்டீஸ். டெக்னிக்கல் ரவுண்டைத் தாண்டிவிடுகிறேன், ஹெச்.ஆர். ரவுண்டில் தடுமாறுகிறேன். கடினமான கேள்விகளுக்கு எப்படித் தயாராவது?”

சென்னை, கோவை, பெங்களூரு என எங்கே போனாலும் தனியார் நிறுவன ஹெச்.ஆர். ரவுண்டில் சுற்றிச் சுற்றி வருவது பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான். இடைவெளி ஏன், வேலையை ஏன் விடுகிறீர்கள், பலவீனம் என்ன, எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும். இவற்றுக்கு முதல் பதிலை எல்லோரும் தயார் செய்துகொண்டுதான் வருகிறார்கள். ஆள் தடுமாறுவது அதற்கு அடுத்த கேள்வியில். “டீம் லீடோடு கருத்து வேறுபாடு வந்தது, பேசித் தீர்த்துக்கொண்டோம்” என்பதைச் சரளமாகச் சொல்லிவிடலாம். “என்ன பேசினீர்கள்? அவர் என்ன சொன்னார்?” என்று திருப்பிக் கேட்டால் அங்கேதான் அமைதி. அதனால் தயாரிப்பு முழுக்க அந்த இரண்டாவது கேள்வியை நோக்கி இருக்க வேண்டும்.

செய்யும் முறை எளிது. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பதிலை முழு வாக்கியங்களாக எழுதாமல் ஐந்தாறு துண்டுக் குறிப்புகளாக மட்டும் எழுதுங்கள்: தேதி, எண், யார், என்ன செய்தேன், என்ன ஆயிற்று. கீழே, அந்தப் பதிலைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று மூன்று கேள்விகளை எழுதி, அவற்றுக்கும் குறிப்பு எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதினால் மனம் அதை ஒப்பிக்கப் பார்க்கும். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். குறிப்பைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில்.

பதில் எழுத உட்காரும் முன் காகிதங்களைச் சரிபாருங்கள். இதைப் பலர் ஆஃபர் வந்த பிறகுதான் செய்கிறார்கள், அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ரெஸ்யூமேயில் உள்ள தேதிகள், ரிலீவிங் லெட்டரில் (பழைய நிறுவனம் தரும் விடுவிப்புக் கடிதம்) உள்ள தேதிகள், பி.எஃப். கணக்கில் உள்ள தேதிகள் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் யு.ஏ.என். எண்ணை (நிறுவனம் மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) வைத்து பி.எஃப். உறுப்பினர் தளத்தில் நுழைந்தால் சர்வீஸ் ஹிஸ்டரி பகுதியில் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் (பின்னணிச் சரிபார்ப்பு) செய்பவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். அது விடுபட்டிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போலத் தெரியும். கேட்காமலே சந்தேகம் வரும்.

இடைவெளியை மறைக்க ரெஸ்யூமேயில் மாதத்தை எடுத்துவிட்டு ஆண்டை மட்டும் போடுவது பரவலான பழக்கம். செய்யாதீர்கள். அனுபவமுள்ள ஹெச்.ஆர். முதலில் கேட்பதே அந்த மாதத்தைத்தான். அப்போது சொல்லும் உண்மை கூட மாட்டிக்கொண்டு சொல்வது போல ஒலிக்கும். இடைவெளிக்கான பதிலில் மூன்றே விஷயம் போதும்: காரணம், அந்தக் காரணம் முடிந்துவிட்டது என்பது, அதன் பிறகு செய்த வேலை. இப்படி:

“2022 ஜூன் முதல் 2023 நவம்பர் வரை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கு முழு நேரமாகப் படித்தேன். முதல்நிலைத் தேர்வைத் தாண்டவில்லை. 2023 டிசம்பரில் வேலைக்குத் திரும்பினேன், அன்று முதல் தொடர்ந்து இதே துறையில்தான் இருக்கிறேன்.”

அரை நிமிடம் கூட ஆகாது. இதற்கு மேல் நீங்களாக விளக்கத் தொடங்கினால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும். படிக்கப் போனதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த கேள்வி நம் ஊரில் பெரும்பாலும் ஒன்றுதான்: “மறுபடி நோட்டிஃபிகேஷன் வந்தால் எழுதுவீர்களா?” எழுத மாட்டீர்கள் என்றால் ஏன் என்று ஒரு காரணத்தோடு சொல்லுங்கள், வெறும் “இல்லை” யாரையும் நம்ப வைக்காது. வயது வரம்பு முடிந்திருந்தால் அதுவே போதுமான காரணம். யு.பி.எஸ்.சி. என்றால் பொதுப் பிரிவுக்கு 32, ஓ.பி.சி.க்கு 35 என்பது கேட்பவருக்கும் தெரிந்திருக்கும், உங்கள் பிறந்த தேதியும் அவர் கையில் இருக்கும். எழுதுவீர்கள் என்றால், வேலையோடு சேர்த்து எழுதுவேன், தேர்வு நாளுக்கு மட்டும் விடுப்பு எடுப்பேன் என்று சொல்லலாம். முடிவு வரவேண்டிய தேர்வு ஏதாவது இருந்தால் அதை மறைக்காதீர்கள். சேர்ந்து மூன்றாவது மாதத்தில் விலகினால், உங்களுக்குப் பின்னால் இதே இடைவெளியோடு வருபவர்களின் வாய்ப்பையும் அது கெடுக்கும்.

உடல்நலம், வீட்டில் ஒருவரைக் கவனித்தது, குழந்தைப் பிறப்பு ஆகிய காரணங்களுக்கும் இதே வடிவம்தான். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. “மருத்துவக் காரணம், சிகிச்சை முடிந்துவிட்டது, முழு நேரம் வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை” என்பதே முழுமையான பதில். பெண்களிடம் திருமணம், குழந்தை பற்றிக் கேட்பது இன்னும் நிற்கவில்லை. கேட்கக் கூடாத கேள்விதான். அந்த இடத்தில் சண்டை போட விருப்பமில்லை என்றால் கேள்வியின் அடியில் இருக்கும் கவலைக்கு மட்டும் பதில் சொல்லலாம்: “இந்த வேலையின் நேரத்தையும் பயணத்தையும் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பித்தேன். இரண்டுக்கும் தயார்.” அதன் பிறகும் தோண்டினால், அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ளக் கிடைத்த தகவல் அது.

“ஏன் விலகுகிறீர்கள்?” என்பதற்கு மேலாளரைக் குறை சொல்லக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பதிலாக “வளர்ச்சிக்காக” என்று சொல்வதும் வீண்தான், ஏனென்றால் அதில் தகவலே இல்லை. சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்: ப்ராஜெக்ட் முடிந்து நான்கு மாதமாக அடுத்த வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருப்பது, தொடர்ந்து இரவு ஷிஃப்ட், சப்போர்ட் வேலையிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாற வழியில்லாதது. இங்கே இரண்டாவது கேள்வி, “மாற்றம் கேட்டு உள்ளே முயற்சி செய்தீர்களா?” எப்போது, யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் கிடைத்தது என்று குறிப்பில் இருக்கட்டும். மூன்றாவது, “இங்கேயும் இரவு ஷிஃப்ட் உண்டே?” இரவு ஷிஃப்ட்டைக் காரணமாகச் சொல்லிவிட்டு அதற்குத் தலையாட்டினால் முதல் பதிலே பொய்யாகிவிடும். ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால் நேராகச் சொல்லுங்கள்: எந்த மாதம், உங்கள் பிரிவில் எத்தனை பேர். ராஜினாமா எழுதி வாங்கியிருந்தால், காகிதத்தில் ராஜினாமா என்றுதான் இருக்கும். காகிதம் சொல்வதையே நீங்களும் சொல்லலாம், கதை சேர்க்க வேண்டாம். ஆட்குறைப்பா என்று நேரடியாகக் கேட்டால் மட்டும் ஆம் என்று சொல்லிவிடுங்கள்.

பலவீனம் பற்றிய கேள்விக்கு “எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம்” என்பது ஏன் எடுபடுவதில்லை? அது பழைய பதில் என்பதால் மட்டுமில்லை. “அதனால் கடைசியாக எப்போது சிக்கல் வந்தது?” என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. உண்மையான ஒன்றை எடுங்கள், ஆனால் விண்ணப்பித்த வேலையின் உயிர்நாடியாக இருக்கக் கூடாது. கணக்காளர் வேலைக்குப் போய் எண்களில் கவனப்பிசகு என்று சொல்லக் கூடாது. பெரிய கூட்டத்தில் பேசத் தயக்கம் என்று சொல்லலாம். கூடவே நடந்த ஒரு நிகழ்ச்சியும், இப்போது அதைச் சமாளிக்கும் வழியும் வேண்டும்: கூட்டத்துக்கு முந்தைய நாளே மூன்று குறிப்பை எழுதி அனுப்பிவிடுகிறேன் என்பது போல, பார்த்தால் தெரிகிற ஒரு பழக்கம்.

“சவாலான சூழ்நிலை ஒன்றைச் சொல்லுங்கள்”, “தோல்வி அடைந்த அனுபவம்”, “கருத்து மோதல்” எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கதை தேட வேண்டாம். கடந்த மூன்று வருடத்திலிருந்து ஆறு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் பொருத்திவிடலாம். ஒவ்வொன்றையும் சூழல், என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். பெரும்பாலானோர் சூழலை விளக்கியே ஒன்றரை நிமிடத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். சூழலும் பொறுப்பும் சேர்ந்து அரை நிமிடம், விளைவுக்கு இருபது நொடி, மீதி எல்லாம் நீங்கள் செய்ததற்கு. இன்னொரு தவறு “நாங்கள் செய்தோம்” என்றே பேசுவது. தன்னை முன்னிறுத்திப் பேசுவது நமக்குக் கூச்சம், அதனால் இது இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் கேட்பவர் மதிப்பெண் போட வேண்டியது உங்களுக்கு. டீம் செய்தது ஒரு வரி, அதில் உங்கள் கை எது என்பது ஐந்து வரி. கிளையன்ட் பெயரையும் ரகசியத் தொகைகளையும் சொல்லாமல், “ஆறு மணி நேரம் எடுத்த ரிப்போர்ட் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது” என்பது போல முன்பு, பின்பு என்று சொல்லலாம்.

சம்பளக் கேள்விக்குத் தேவை தைரியத்தைவிடக் கணக்குதான். 8 லட்சம் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் பன்னிரண்டால் வகுத்து மாதம் 66,667 என்று நினைத்துக்கொள்வது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) பாதி, அதாவது 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு பேசிக்கில் 12 சதவீதம், 48,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 19,240. வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை) சி.டி.சி.யில் 10 சதவீதம், 80,000. மூன்றையும் கழித்தால் 6,52,760; மாதத்துக்குச் சுமார் 54,400. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 4,000, தொழில் வரி மாதக் கணக்கில் இருநூறு ரூபாய் அளவு. வருமான வரி பூஜ்யம் என்றே வைத்தாலும் கையில் வருவது ஐம்பதாயிரம்தான். சில நிறுவனங்கள் பி.எஃப்.ஐ 15,000 ரூபாய் வரம்பில் கணக்கிட்டு மாதம் 1,800 மட்டுமே பிடிக்கும். அதனால் ஒரே சி.டி.சி.க்கு இரண்டு நிறுவனங்களில் கைக்கு வரும் தொகை மாறும்.

ஆகவே எதிர்பார்ப்பைச் சொல்லும்போது நிரந்தரத் தொகை, வேரியபிள் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். முதலில் “இந்தப் பதவிக்கு ஒதுக்கிய வரம்பு என்ன?” என்று கேட்டுப் பார்க்கலாம்; சொன்னால் நல்லது, சொல்லாவிட்டால் உங்கள் எண்ணைச் சொல்லிவிடுங்கள். ஏழு முதல் ஒன்பது என்று விரித்துச் சொன்னால் அவர்கள் காதில் விழுவது ஏழு மட்டுமே. இப்போதைய சம்பளத்தை ஏற்றிச் சொல்லாதீர்கள்; மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 (நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்று) இரண்டும் கேட்பார்கள். கையில் வேறு ஆஃபர் இருப்பதாகப் பொய் சொன்னால் “பிரதி அனுப்புங்கள்” என்பார்கள். “ஏன் 40 சதவீத உயர்வு?” என்பதற்கு வீட்டுக் கடனும் வாடகையும் காரணமாகாது. இந்த வேலைக்கு வேண்டியவற்றில் எவையெல்லாம் உங்களிடம் தயாராக இருக்கின்றன என்பதுதான் காரணம். வேலை விளம்பரத்தில் கேட்டிருப்பதை வரிவரியாக அடிக்கோடிட்டு எதிரே உங்கள் சான்றை எழுதி வைத்திருந்தால், “உங்களை ஏன் எடுக்க வேண்டும்?” என்ற கேள்விக்கும் அதே தாள் உதவும்.

90 நாள் நோட்டீஸுக்கு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அந்த ஷரத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டலாம் என்று சில இடங்களில் இருக்கும். “நிறுவனத்தின் விருப்பப்படி” என்ற சொல் சேர்ந்திருந்தால் அது உங்கள் உரிமை கிடையாது. பணம் பேசிக்கிலா மொத்தச் சம்பளத்திலா என்பதையும் பாருங்கள். விடுப்பு இருப்பைக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, “நோட்டீஸ் 90 நாள். மாற்று ஆள் கிடைத்தால் 60 நாளில் விடுவிக்கக் கேட்பேன். உறுதியாகச் சொல்லக்கூடியது 90” என்று சொல்லலாம். “30 நாளில் வந்துவிடுவேன்” என்று வாக்குக் கொடுத்து ரிலீவிங் லெட்டர் இல்லாமல் வந்து நிற்பவர்களைப் பல நிறுவனங்கள் சேர்ப்பதில்லை.

பழகும்போது நண்பர் ஒருவரை உட்கார வைத்து, எதைச் சொன்னாலும் “ஏன்?”, “எப்போது?”, “எவ்வளவு?” என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். எந்த இடத்தில் வேகம் கூடுகிறதோ, அங்கே உங்களிடம் விவரம் குறைவு. அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் எழுதுங்கள்.

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அன்றே, என்ன கேட்டார்கள், நீங்கள் சொன்ன எண்கள் என்ன என்று எழுதி வையுங்கள். முந்தைய ரவுண்டின் குறிப்பு பெரும்பாலும் அடுத்தவர் கையில் இருக்கும். மேலாளரிடம் “ஐந்து பேர் டீம்” என்றும் ஹெச்.ஆரிடம் “எட்டுப் பேர் டீம்” என்றும் சொன்னால், இரண்டுமே வெவ்வேறு காலத்து உண்மையாக இருந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரும்.