லினக்ஸில் இரண்டு புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள்) ஒன்றையொன்று கண்காணிக்க முடியுமா? கில் அழைப்பு வழியாக சிக்னல் 0 (எதுவும் செய்யாமல், புராசஸ் இருக்கிறதா என்று மட்டும் சோதிப்பது) அனுப்பிப் பார்த்தால் போதுமா?

முடியும். ஆனால் சிக்னல் 0 போதாது. செத்தும், அதைக் கிளப்பிய பெற்றோர் புராசஸ் வெயிட் செய்து முடிவை வாங்காததால் ஜாம்பியாக (பட்டியலில் மட்டும் மிஞ்சி) கிடக்கும் புராசஸுக்கும் அது வெற்றி என்றே பதில் தரும். பழைய பிஐடி (புராசஸின் எண்) வேறொரு புராசஸுக்குப் போயிருந்தாலும் அப்படித்தான். அனுமதிப் பிழை வந்தால் புராசஸ் இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள்; உண்மையில் இருக்கிறது, தொட உங்களுக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பது எளிது: வெயிட்பிட் அழைப்பு போதும், வெளியேறிய காரணமும் கிடைக்கும். பிள்ளை பெற்றோரைப் பார்க்க ஒரு பைப் (ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் குழாய்) திறந்து, எழுதும் முனையைப் பெற்றோரிடம் மட்டும் விடுங்கள். பெற்றோர் எப்படிச் செத்தாலும் கர்னல் அந்த முனையை மூடும். பிள்ளையின் ரீடு 0 தரும், அதாவது எழுத இனி யாருமில்லை. ஃபோர்க் (பெற்றோரை நகலெடுத்துப் பிள்ளையை உருவாக்குவது) ஆனதும் பிள்ளை தன்னிடமுள்ள எழுதும் முனையை மூட மறந்தால் அந்த 0 வரவே வராது. பெற்றோர் பிறகு கிளப்பும் புரோகிராம்களுக்கும் அந்த முனை போகாமலிருக்க, புதுப் புரோகிராம் தொடங்கும்போது அதை மூடிவிடும் குளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடி வேண்டும். பெற்றோர் செத்தால் பிள்ளைக்கு வரும், பிஆர்சிடிஎல் அழைப்பின் பேரன்ட் டெத் சிக்னலும் உண்டு. ஆனால் அது ஃபோர்க் செய்த த்ரெட் (புராசஸுக்குள் ஓடும் ஒரு தனி ஓட்டம்) முடிந்தாலே வந்துவிடும், மல்டி த்ரெட் புரோகிராமில் தலைவலி.

உறவில்லாத புராசஸ் என்றால், கர்னல் 5.3 முதல் உள்ள பிட்எஃப்டி ஓப்பன் அழைப்பு இருக்கிறது. அதில் கிடைக்கும் டிஸ்கிரிப்டரை (அந்தப் புராசஸைக் குறிக்கும் கைப்பிடியை) வைத்து poll அழைப்பில் காத்திருந்தால், அந்தப் புராசஸ் முடிந்ததும் எழுப்பும். பிஐடி மறுபயன்பாட்டுக் குழப்பம் கிடையாது, நீங்கள் திறக்கும் நேரத்தில் அது சரியான புராசஸாக இருந்தால்.

இவையெல்லாம் சாவைத்தான் சொல்லும். டெட்லாக்கில் (ஒன்றுக்கொன்று காத்திருந்து நின்றுபோவதில்) தொங்கும் புராசஸ் சாகாது. அதற்கு ஹார்ட்பீட் வேண்டும், அதாவது உயிரோடிருப்பதாக அவ்வப்போது அனுப்பும் செய்தி. அதை வேலை செய்யும் லூப்பிலிருந்தே அனுப்புங்கள். தனி த்ரெட் அனுப்பினால் வேலை நின்ற பிறகும் துடித்துக்கொண்டிருக்கும். நேரத்தை மோனோடோனிக் (பின்னால் போகாத) கடிகாரத்தில் அளக்க வேண்டும், இல்லையென்றால் நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி அதைத் தள்ளும்போது நல்ல புராசஸையே கொன்றுவிடுவீர்கள்.

ஒன்றையொன்று மறுபடி கிளப்பும் ஏற்பாட்டை மட்டும் செய்யாதீர்கள். ஏ, பி என்று இரண்டு புராசஸ்கள் என்றால், ஏ செத்தால் பி புது ஏவைக் கிளப்பும். புது ஏ, பழைய பி இருப்பது தெரியாமல் இன்னொரு பியைக் கிளப்பும். ஏ போனால் பியும் வெளியேறட்டும், எழுப்புவதை சிஸ்டம்டியிடம் (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் புரோகிராமிடம்) விடுங்கள். அதன் வாட்ச்டாக் கெடுவை 30 வினாடி வைத்தால், 15 வினாடிக்கு ஒருமுறை எஸ்டி நோட்டிஃபை வழியாக உயிரோடிருப்பதைச் சொல்லுங்கள். தவறினால் புராசஸை முடிக்கும் அபார்ட் சிக்னல் வரும். ரீஸ்டார்ட் அமைப்பில் ஆன்-ஃபெயிலியர் இருந்தால் மறுபடி கிளம்பும். மறுபடி கிளப்புவதற்கு முன் இயல்பான இடைவெளி 100 மில்லிசெகண்ட், 10 வினாடியில் 5 முறை கிளம்பத்தான் அனுமதி. தொடக்கத்திலேயே விழும் புராசஸ் அந்த 5 முறையையும் சட்டென்று தீர்த்துவிடும். இடைவெளியை 3 வினாடியாக்குங்கள்.