வில்வித்தைல பேர் ஷாஃப்ட் (இறகு ஒட்டாத அம்பு) மட்டும் ஏன் இடது பக்கம் போகுதுன்னு கேட்டதுக்குப் பதில்

அம்பு உங்க வில்லுக்கு ரொம்ப விறைப்பா (போதுமான அளவு வளையாம) இருக்கு, சைட்டை, அதாவது குறி பார்க்கிற கருவியைத் தொடாதீங்க. வலது கை ரீகர்வ்ல (நுனி முன்பக்கம் வளைஞ்ச வில்), 18 மீட்டர்ல, இறகு ஒட்டின அம்பெல்லாம் நடுவுல குத்தி பேர் ஷாஃப்ட் மட்டும் ஒரு சாண் இடது பக்கம் போகுதுன்னா அதான் அர்த்தம், இடது கைக்காரங்களுக்கு அப்படியே உல்டா.

புது ஷாஃப்டை (அம்புத் தண்டை) குட்டையா வெட்டியிருக்கீங்கன்னு நினைக்கிறேன், நீளம் குறையக் குறைய விறைப்பு கூடும். பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டுல தாங்குற பொத்தான்) ஸ்பிரிங்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க, ஆனா ஒரு சாண் வித்தியாசத்தை அது மட்டும் சரி பண்ணாது, 100 கிரெய்ன் (எடை அளவு) பாயிண்ட், அதாவது அம்பு முனை போட்டிருந்தா 120க்கு மாத்துங்க, முனை கனமானா விறைப்பு குறையும்.

அதுக்கு முன்னாடி ஒரு செக். ரெஸ்ட் (அம்பு உட்காருற இடம்), ரைசர் (வில்லோட நடுப்பகுதி, கைப்பிடி) பக்கமெல்லாம் டால்கம் பவுடர் தூவிட்டு பேர் ஷாஃப்டை விடுங்க. பவுடர்ல கோடு விழுந்திருந்தா அம்போட வால் தட்டுது, அப்படித் தட்டுனாலும் இதே மாதிரிதான் இடது பக்கம் காட்டும்.

இடதோட சேர்த்து மேலயும் போச்சுன்னா முதல்ல நாக்கிங் பாயிண்டை (நாண்ல அம்பு மாட்டுற இடத்தை) துளி ஏத்திட்டு அப்புறம் இதுக்கு வாங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, மூணு பேர் ஷாஃப்ட் விட்டா மூணும் ஒரே இடத்துல குத்தணும், சிதறுச்சுன்னா ரிலீஸ்தான் (நாணை விடுற விதம்தான்) பிரச்சனை, அந்த நிலைமைல எந்த ஸ்க்ரூவையும் திருப்பாதீங்க ப்ளீஸ்.