தாய்ப்பாலோடு பவுடர் பாலும்: குழந்தை மருத்துவரிடம் கேட்டவை

சிசேரியன் ஆகி ஆறு நாள். பால் போதவில்லை என்று பவுடர் பால் ஆரம்பித்தோம். மூன்று மணிக்கு ஒருமுறை 60 மில்லி கொடுக்கிறோம். இப்போது பிள்ளை மார்பைப் பிடிக்கவே மறுக்கிறான். இனி தாய்ப்பால் அவ்வளவுதானா?
– மார்த்தாண்டம்

ஆறு நாளில் எதுவும் கைவிட்டுப் போய்விடாது. சிசேரியனுக்குப் பிறகு பால் இறங்க மூன்று நான்கு நாள் ஆவது சகஜம். அதுவரை வருகிற சீம்பால் கொஞ்சம்தான்; முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூனே போதும்.

மார்பிலிருந்து பால் போனால்தான் புதுப் பால் ஊறும். நம் ஊர் கிணறு மாதிரி, இறைக்க இறைக்கத்தான். வயிறு முட்ட 60 மில்லி குடித்து அவன் தூங்குகிற மூன்று மணி நேரமும் உங்கள் மார்புக்கு வேலையே இல்லை. அதனால் வரிசையை மாற்றுங்கள். வாயைச் சப்பும்போதே, கையை வாய்க்குக் கொண்டு போகும்போதே தூக்குங்கள். அலற ஆரம்பித்தால் பிடிக்க மாட்டான். இரண்டு பக்கமும் கொடுத்த பிறகு, தேவையென்றால் பவுடர் பால். அதையும் புட்டியில் வேண்டாம், பாலாடையில் கொடுங்கள். புட்டியில் சும்மா வாயைத் திறந்தாலே ஒழுகும். அந்தச் சுகம் பழகினவன் மார்பில் ஏன் உழைக்கப் போகிறான்? ராத்திரிப் பாலை மட்டும் விடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம்.

பவுடர் பாலைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். எடை பார்த்துப் பார்த்துக் குறைக்கலாம். பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை இறங்கலாம். இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அப்புறம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போனாலோ, பாலுக்கே எழாமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ காத்திருக்காமல் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள்.

மருமகளுக்குப் பால் தண்ணி மாதிரி இருக்கிறது. சுறாப் புட்டு, பூண்டு எல்லாம் கொடுத்தாச்சு. பவுடர் பாலையாவது கெட்டியாகக் கலக்கலாமா டாக்டர்?
– குளச்சல்

கூடவே கூடாது அம்மா. முதலில் வருகிற பால் மெலிசாகத்தான் தெரியும், பின்னால் வருவதில்தான் கொழுப்பு அதிகம். ஒரு பக்கத்தை முழுக்கக் குடிக்க விடுங்கள்.

தேயிலை போடுகிற பழக்கத்தில் கரண்டியைக் குவித்து, விரலால் அமுக்கிப் போடும் பாட்டிமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்டிப் பால் பிள்ளையின் சிறுநீரகத்துக்குச் சுமை, உடம்பில் நீர் வற்றும். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு கரண்டி. உங்கள் டப்பாவில் உள்ளதைப் பாருங்கள். தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. கொதித்து இறக்கி அரை மணிக்குள் கலக்குங்கள். பவுடரிலும் கிருமி இருக்கலாம், அந்தச் சூட்டில்தான் சாகும். ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மீதியை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் சுறா. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். உங்கள் கரையில் கிடைக்கிற சாளையும் நெத்திலியும் அதைவிட நல்லது.

அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை. மூன்றாம் மாதம் திரும்பப் போக வேண்டும். பகலுக்கு மட்டும் பவுடர் பால் போதுமா?
– கருங்கல்

போதும். ஆனால் பீய்ச்சி வைத்தால் அதுவும் அவ்வளவு தேவைப்படாது. பீய்ச்சிய பால் ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். வெளியே நான்கு மணி நேரம் என்பார்கள், நம் ஊர் வெக்கையில் அதை நம்பாதீர்கள். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து எடுங்கள். போகும்முன், வந்தவுடன், ராத்திரி முழுக்க நேரடியாகக் கொடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அண்டி ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் பிள்ளையைத் தொடாதீர்கள்.

இரண்டு பாலையும் ஒரே பாலாடையில் கலந்து கொடுக்கலாமா? இடையில் வசம்பு, தேன்?
– தக்கலை

கலந்தால் கெடுதல் இல்லை. ஆனால் பிள்ளை மிச்சம் வைத்தால் தாய்ப்பாலும் சேர்ந்து வீண். முதலில் தாய்ப்பால் தீரட்டும். வசம்பு, தேன், சீனித் தண்ணீர் எதுவும் வேண்டாம்.