கிடாரின் கொம்பு வளைவில் ஈட்டிப் பலகை விரிசல் விட்டுவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: நான் நாற்காலி, அலமாரி செய்யும் தச்சன். ஒரு அகூஸ்டிக் கிடாரை முழுக்கக் கையாலேயே செய்து பார்க்க இறங்கியிருக்கிறேன். கழுத்தருகே உடல் உள்வாங்கி, அதன் நுனிக் கொம்பு உருண்டு வருகிற வெனிஷியன் கட்அவே. பக்கங்களுக்கு 2.3 மி.மீ. கனத்தில் ஈட்டி (இந்திய ரோஸ்வுட்) மரப் பலகை. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, சூடான குழாயில் வைத்து வளைத்தேன். இடுப்பு வளைவு அழகாக வந்தது. கொம்பில் 'பட்'டென்று விரிசல் விட்டது. இரண்டாவது பலகையும் அதே இடத்தில் போயிற்று. இனி கையில் இருப்பது ஒரே பலகை. எங்கே தப்பு?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டு பலகையும் ஒரே இடத்தில் விட்டிருப்பதால் மரத்தின் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. மரத்தில் குறை இருந்தால் ஒன்று இங்கே, இன்னொன்று அங்கே என்று போயிருக்கும். ஈட்டி நன்றாக வளைகிற மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிரமமானபோது, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் கிடார்களுக்கு நம் ஈட்டிக்குத்தான் மாறியது. அதனால் கனம், தண்ணீர், சூடு, வளைக்கும் வரிசை இவற்றைப் பார்ப்போம்.

முதலில் மரம் ஏன் விடுகிறது என்பது. வளையும்போது பலகையின் உள்முகம் நசுங்குகிறது, வெளிமுகம் இழுபடுகிறது. சூடேறி ஈரம் ஊறிய மரம் நசுங்குவதைத் தாராளமாகத் தாங்கும். நல்ல மரம் நீளவாக்கில் கால்வாசி வரைகூட நசுங்கிக் கொடுக்கும். ஆனால் இழுத்தால் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான் நீளும். அதற்கு மேல் நார் அறுந்துவிடும். உங்கள் கொம்பின் ஆரம் சுமார் 35 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 2.3 மி.மீ. பலகையின் வெளிமுகம் 3.3 சதவீதம் நீள வேண்டியிருக்கிறது. அதே இடத்தில் 1.8 மி.மீ. என்றால் 2.6 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் வளைக்கத் தேவைப்படும் விசை கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், 1.8-இல் அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. கையில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆகவே மூன்றாவது பலகையை முழுதும் 2.1 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கொம்பு வரும் இடத்தை மட்டும் உள்முகத்தில் சுரண்டி 1.8 ஆக்குங்கள். அந்த மெலிவு சட்டென்று ஆரம்பிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு 30 மி.மீ. தூரத்தில் படிப்படியாக இறங்க வேண்டும். படி மாதிரி இறங்கினால் வளைவு முழுவதும் அந்தப் படியிலேயே கூடி அங்கேயே விடும். இதற்கு இழைப்புளி வேண்டாம், நாரைப் பிடுங்கும். ஸ்கிரேப்பர் போதும். நான்கைந்து இடத்தில் வெர்னியர் வைத்துப் பாருங்கள், கண் மதிப்பை நம்பாதீர்கள்.

2.6 சதவீதமும் மரத்தின் எல்லைக்கு மேல்தானே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வெளிமுகத்தில் உலோகப் பட்டை. நாற்காலி செய்பவர் என்பதால் இது உங்களுக்குப் பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் மைக்கேல் தோனெட் பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து, வெளிப்பக்கத்தோடு உலோகப் பட்டையைச் சேர்த்துக் கட்டித்தான் வளைத்தார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி அப்படிப் பிறந்ததுதான். பட்டை நீளாது. அதனால் மரத்தின் வெளிமுகமும் அதிகம் நீள முடியாமல், வேலையெல்லாம் நசுங்கும் பக்கத்துக்குப் போகிறது. கிடார் பக்கத்தில் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப் பிடிக்க முடியாது. இருந்தாலும் 0.3 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் தகடு ஒன்றைப் பலகையின் அகலத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி வைத்து, பலகையோடு சேர்த்து ஒரு முனையில் கிளாம்ப் போட்டு வளைத்துப் பாருங்கள். நார் எழும்ப இடம் கொடுக்காது, ஆவியும் வெளியேறாமல் நிற்கும். தகடு ஈர மரத்தை நேராகத் தொட்டால் கருநீலக் கறை விழும். நடுவில் அலுமினியத் தாள் ஒரு சுற்று வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நீங்கள் அதிகமாகப் போய்விட்டீர்கள். இரவு முழுக்க ஊறிய மெல்லிய பலகை குறுக்குவாட்டில் குழிந்து, அலை அலையாகி, சாயமும் விடும். தண்ணீர் இங்கே சூட்டை உள்ளே கொண்டுபோகிற வாகனம், அவ்வளவுதான். நாரைக் கட்டியிருக்கும் லிக்னின் இளகுவது சூட்டினால். பத்துப் பதினைந்து நிமிடம் நனைத்தால் ஏராளம். அப்புறம் வேலை நடக்கும்போது ஸ்பிரேயில் அவ்வப்போது தெளித்துக்கொள்ளுங்கள்.

குழாய் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? 150 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே. தோசைக்கல்லுக்குப் பார்ப்பது போலவே ஒரு சொட்டு தெளித்துப் பாருங்கள். 'சுர்'ரென்று கொதித்து ஓரிரு நொடியில் காணாமல் போனால் சரி. சொட்டு முத்து மாதிரி ஒட்டாமல் உருண்டு ஓடினால் சூடு அதிகம். மரம் இளகுவதற்கு முன் கருகும். குழாயின் விட்டம் 50 மி.மீ. அளவில் இருக்கட்டும். கொம்பைவிடப் பருத்த குழாயில் கொம்பு வராது. ஒன்று முக்கியம்: பிளம்பிங் கடையில் கிடைக்கிற ஜி.ஐ. பைப்பை டார்ச் வைத்துச் சூடாக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு புகையும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. அலுமினியமோ பூச்சில்லாத இரும்போ எடுங்கள்.

வரிசையில் பலருக்கு மாற்றுக் கருத்து உண்டு, இடுப்பிலிருந்து ஆரம்பிப்பவர்கள் அதிகம். நான் கொம்பைத்தான் முதலில் வளைப்பேன். இடுப்பு அகலமான வளைவு, இரண்டு மூன்று மி.மீ. தள்ளிப் போனாலும் மறுபடி சூடேற்றி நகர்த்திவிடலாம். கொம்பை நகர்த்த முடியாது. தவிர, இரண்டு பக்கமும் பலகை நேராக நீண்டிருக்கும்போதுதான் கைக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். கிடார் வடிவ அச்சின் ஓரமாக ஒரு நூலை ஓட்டி, நெக் பிளாக் (கழுத்து சேரும் உள்கட்டை) முனை, உள்வாங்கும் குழிவு, கொம்பின் நடு, இடுப்பின் நடு எல்லாவற்றையும் பலகையில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் 40 மி.மீ. உபரி விடுங்கள். வெளிமுகம் எது, மேல் விளிம்பு எது என்று சாக்பீஸில் பெரிதாக எழுதுங்கள். பின்பலகைக்காகப் பக்கங்களைச் சரிவாக வெட்டியிருப்பதால், தப்பான முகத்தை வெளியே வைத்து வளைத்த பலகையைத் திருப்பிப் போட முடியாது. கிடாரின் முகத்தைப் பார்த்து, கழுத்து மேலே இருக்க நின்றால் கட்அவே வலது பக்கம். இதை எழுதாமல் விட்டு நான் ஒரு நல்ல பலகையை இழந்திருக்கிறேன்.

இனி வளைக்கிற நேரம். கொம்பு வெளியே புடைத்த வளைவு என்பதால் கிடாரின் உள்முகம்தான் குழாயில் படும், பட்டை வெளியே. (குழிவுக்கும் இடுப்புக்கும் இது தலைகீழ்.) பலகையின் விளிம்பு குழாய்க்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள், இங்கே ஒரு டிகிரி சாய்ந்தாலும் பக்கம் முறுக்கிக்கொண்டு, அப்புறம் அச்சில் உட்காராது. இப்போது அழுத்தாதீர்கள். மெல்ல முன்னும் பின்னும் ஒரு 40 மி.மீ. தூரத்துக்கு ஆட்டிக்கொண்டே இருங்கள். ஆவி கிளம்பும், ஈட்டிக்கே உரிய அந்த இனிய வாசனை வரும். அப்போதும் பலகை எதிர்த்துத் தள்ளும். ஒரு நிமிடமோ இரண்டோ போனபின் அந்த எதிர்ப்பு திடீரென்று தளரும், வெயிலில் வைத்த வெல்லம் கையில் இளகுகிற மாதிரி. அந்தத் தளர்ச்சியைக் கை உணர்ந்த பிறகுதான் வளைக்க வேண்டும். தளராமல் தள்ளினால் விடும். உங்கள் இரண்டு பலகையும் போனது இதனாலும் இருக்கலாம். நொறுங்குகிற மாதிரி சின்னச் சத்தம் கேட்டாலே நிறுத்தி, ஈரம் தெளித்து, சூடேற விடுங்கள். கொம்பு முழுவதும் வர இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

வளைந்ததும் குழாயிலிருந்து எடுத்த உடனே விட்டுவிடாதீர்கள். ஆறும்வரை அதே வடிவில் கையில் பிடித்திருங்கள். மரம் கொஞ்சம் திரும்பி விரியும் என்பதால் அச்சைவிட ஒரு பொட்டு கூடுதலாக வளைப்பது நல்லது. எல்லா வளைவும் முடிந்த பின் அச்சில் கிளாம்ப் போட்டு ஒரு நாள் இரவு வைத்து, மறுநாள் எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே குழாயில் தொட்டுச் சரிசெய்யுங்கள்.

வெளிமுகத்தில் நார் லேசாக எழும்பினால் பதற வேண்டாம். பலகை ஆறி உலர்ந்ததும் நீர்த்த சூப்பர் க்ளூவை ஓடவிட்டு, மெழுகுத்தாள் வைத்து அழுத்தி, காய்ந்தபின் சுரண்டுங்கள். உள்ளே மெல்லிய துணிப்பட்டை ஒட்டிவிட்டால் போதும். கனத்தில் பாதிவரை விரிசல் போயிருந்தால் இப்படி ஒட்ட வேண்டாம், அந்தப் பலகையைக் கொம்பில் நம்ப முடியாது.

மூன்றாவதும் போய்விடுமோ என்று பயமாக இருந்தால் வேறு இரண்டு வழி உண்டு. ஒன்று, 1 மி.மீ. கனத்தில் இரண்டு பலகையைத் தனித்தனியே வளைத்து, அச்சில் எபாக்சி வைத்து ஒன்றாக ஒட்டுவது. ஒவ்வொரு படலத்துக்கும் இழுவை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சாதாரண வெள்ளைப் பசை இதற்கு வேண்டாம், நாளடைவில் வழுக்கிக் கொடுக்கும். இன்னொன்று, கூர்க்கொம்பு வைக்கிற ஃப்ளோரன்டைன் கட்அவே. கிப்சனின் இ.எஸ்.-175 கிடாரில் 1949-இல் வந்த அதே அமைப்பு. அதில் இறுக்கமான வளைவே இல்லை: குழிவுத் துண்டு தனி, இடுப்பிலிருந்து வரும் துண்டு தனி, இரண்டும் கொம்பு நுனியில் ஒரு மரக்கட்டையின் மேல் சேரும். அந்த இணைப்பை முடி நுழையாமல் பொருத்துவதில் சிரமம் இருக்கிறது, ஆனால் தச்சருக்கு அது பழகிய சிரமம்.

விட்டுப்போன இரண்டு பலகைகளையும் எறிந்துவிடாதீர்கள். கீழ் வயிற்றுப் பகுதி இரண்டிலும் இன்னும் நேராகத்தான் இருக்கும். அதில் ஒரு துண்டை 1.8-க்குச் சுரண்டி, பட்டை வைத்து, கொம்பை மட்டும் வளைத்துப் பாருங்கள். அது வந்தால் இன்னொரு துண்டில் ஒருமுறை. இரண்டும் சுத்தமாக வந்தபிறகு மூன்றாவது பலகையை நனையுங்கள்.