காரில் குரல் ஏன் ஓட்டுநர் பக்கக் கதவிலிருந்தே கேட்கிறது?

புதிய ஸ்பீக்கர்களைப் பொருத்திய பிறகும் பாடகரின் குரல் ஓட்டுநர் பக்கக் கதவிலிருந்தே வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்; பெரும்பாலும் இதற்குக் காரணம் ஸ்பீக்கரின் தரமன்று, தூரமே. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், ஒரு ஸ்பீக்கர் உங்கள் தலையிலிருந்து 90 சென்டிமீட்டரிலும் மற்றது 140 சென்டிமீட்டரிலும் இருந்தால், அருகிலுள்ளதன் ஒலி ஏறக்குறைய 1.5 மில்லிநொடி முந்தி வந்துவிடுகிறது; மூளையோ முதலில் வந்த ஒலியின் திசையையே குரலின் இடமாகக் கொள்கிறது.

ஆகவே டி.எஸ்.பி. எனப்படும், ஒலியை டிஜிட்டல் முறையில் சீரமைக்கும் கருவியில் அருகிலுள்ள ஸ்பீக்கருக்கு அந்த அளவு தாமதம் கொடுத்து, தனிக்குரல் பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டு, குரல் டாஷ்போர்டின் நடுவில் நிலைக்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் கேளுங்கள். அதற்கு முன், இரு ஸ்பீக்கர்களின் பிளஸ், மைனஸ் இணைப்புகள் ஒன்றுபோல் உள்ளனவா என்று கட்டாயம் சரிபாருங்கள். ஒன்று மாறியிருந்தால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மெலிந்துவிடும், குரலும் ஓரிடத்தில் நிற்காது. இந்த அமைப்பு ஓர் இருக்கைக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும் என்றாலும், பெரும்பாலும் தனியே ஓட்டுபவருக்கு நான் இதையே உறுதியாகப் பரிந்துரைப்பேன்.