பாய்க்கப்பல் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மரத்தால் மாதிரிப் பாய்க்கப்பல் செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் வடமராட்சிக் கடிதங்கள்தான் கூட. பெரிய சந்தோஷம். எல்லாவற்றுக்கும் இங்கே இடம் காணாது என்பதால், பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

உயர்தர வகுப்பு மாணவன், நெல்லியடி: பாடசாலைக் கண்காட்சிக்கு அன்னபூரணிக் கப்பலின் மாதிரியைச் செய்ய ஆசை. வரைபடம் எங்கே கிடைக்கும்? ஏதாவது வெளிநாட்டு இரண்டு பாய்மரக் கப்பலின் வரைபடத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது தம்பி. ஆனால் ஆசையை விட வேண்டாம்.

கதை தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்னபூரணி வல்வெட்டித்துறையில் கட்டிய கப்பல். இரண்டு பாய்மரம், 89 அடி நீளம், வேப்பமரம். அதை வாங்கிய வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர், அதற்கு முன்பே 32 அடிப் பாய்ப்படகு ஒன்றில் உலகத்தைச் சுற்றி வந்தவர். நல்ல கப்பல் எது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட கப்பல் 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அப்போது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்'. வாங்கியவர் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார்.

இங்கேதான் உங்கள் முதல் முடிவு வருகிறது. எந்த நாளில் இருந்த கப்பலைச் செய்யப்போகிறீர்கள்? வல்வெட்டித்துறைக் கடலில் நின்ற அன்னபூரணியையா, குளொஸ்டருக்குள் நுழைந்த புளோரன்ஸ் சி. றொபின்சனையா? உடல் ஒன்று, பெயர்ப்பலகை வேறு. ஒரு கப்பல் ஆயுள் முழுக்க ஒரே கோலத்தில் இருப்பதில்லை. பாயை மாற்றுவார்கள், கயிற்றை மாற்றுவார்கள், மேல்தட்டில் ஒரு அறையைக் கட்டுவார்கள், இன்னொன்றைக் கழற்றுவார்கள். வருடத்தைத் தீர்மானிக்காமல் மரம் அரிகிற வாளைக் கையில் எடுக்கக் கூடாது.

வரைபடக் கதைக்கு வருவோம். எங்கள் ஓடாவிமார், அதாவது கப்பல் கட்டும் தச்சர்கள், கடதாசியில் கீறிக் கட்டியவர்கள் அல்லர். என் பெரியப்பா ஒரு ஓடாவி. ஏராவின் (அடிமரத்தின்) நீளத்தைச் சொன்னால் நடுவங்கின் (நடுவில் உள்ள விலாச்சட்டத்தின்) அகலம், அணியத்தின் (முன்முனையின்) எழுப்பம், பாய்மரத்தின் உயரம் எல்லாவற்றையும் கணக்காகச் சொல்லுவார். அந்தக் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, கிடைக்கிற சான்றிலிருந்து உங்கள் வரைபடத்தை நீங்களே கீறுவது.

கப்பலின் பழைய படங்கள் இருக்கின்றன. சரியாகப் பக்கவாட்டில் எடுத்த படத்தை மட்டும் அளவுக்குப் பயன்படுத்துங்கள். சாய்வாக எடுத்ததில் அணியம் பெருத்தும் பின்பக்கம் சிறுத்தும் தெரியும், அளவு பொய்யாகிவிடும். 89 அடி என்ற நீளம் கையில் இருக்கிறது. படத்தில் கப்பலின் முழு நீளம் 178 மில்லிமீற்றர் என்று வையுங்கள். அப்படியானால் 2 மில்லிமீற்றர் ஓரடி. இதை வைத்துப் பாய்மரத்தையும் பருமலையும் (பாய் கட்டும் குறுக்குமரம்) அளக்கலாம். மேல்தட்டில் ஆள் நின்றால் இன்னும் நல்லது, கணக்கைச் சரிபார்க்க அவர் உதவுவார்.

காலங்குலம் ஓரடி என்ற அளவில் செய்யுங்கள், அதாவது 48இல் ஒரு பங்கு. கப்பல் 22¼ அங்குலம் வரும். மேசையில் வைக்கலாம், பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டும் போகலாம். கீறும்போது, சான்று உள்ளதை மையாலும் ஊகித்ததைப் பென்சிலாலும் கீறுங்கள். கண்காட்சியில் அந்தக் கடதாசியையும் கப்பலுக்குப் பக்கத்தில் வையுங்கள். என் கண்ணுக்கு, கப்பலைவிட அந்தக் கடதாசிக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டு வரைபடம் ஏன் கூடாது என்றால், குளொஸ்டர்ப் பக்கத்து இரண்டு பாய்மர மீன்பிடிக் கப்பலின் உடல் வேகத்துக்காக ஒடுங்கியது. எங்களது சரக்கு ஏற்றிய கப்பல். அரிசியும் மரமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு, இறங்குதுறைமேடை இல்லாத கரைக்கு எட்டப் போய் நின்ற கப்பல். வயிறு வேறு, அடி வேறு. பெயரை மாற்றினால் உள்ளே இருக்கிற கப்பல் மாறாது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், சாவகச்சேரி: அசல் கப்பல் வேப்பமரம் என்றால் மாதிரியையும் வேம்பில் செய்வதுதானே வரலாற்றுக்குச் சரி? பலகை ஒட்டும்போது அணியத்தில் வந்து பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. என்ன செய்வது?

ஐயா, நல்ல கேள்வி. மரத்தின் பெயர் சரியாக இருக்கும், தோற்றம் பிழைத்துவிடும். வேம்பின் நுண்துளை மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே, 48 மடங்கு பெருக்கினால் 5 மில்லிமீற்றர் ஓட்டையாகிவிடும். அப்படி ஒரு பலகையைக் கப்பலில் அடித்த ஓடாவி உலகத்தில் இல்லை. தேக்குக்கும் இதே குறைதான்.

எங்கள் வளவுகளில் இருக்கிற தேசிமரத்தை (எலுமிச்சை) பாருங்கள். பட்டுப்போன முதிய தேசிமரம் கிடைத்தால் விறகுக்கு விடாதீர்கள். நெருக்கமான இழை, மெல்லிய மஞ்சள், கத்தி எந்தப் பக்கம் போனாலும் சிராய் கிளம்பாது. மேல்நாட்டார் காசு கொடுத்து வாங்குகிற பொக்ஸ் மரத்தின் இடத்தில் இதைத் துணிந்து வைக்கலாம். வங்குகளுக்கும் கப்பிகளுக்கும் கொய்யா. அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக வேண்டுமானால் பூவரசின் வைரம். அசல் படகுகளிலும் பூவரசுக்கு இடம் இருந்தது, வளைந்து வளர்ந்த கொப்பை அப்படியே வங்காக்குவார்கள். வெட்டிய துண்டின் இரண்டு முனையிலும் மெழுகு பூசி நிழலில் உலர விடுங்கள். முனை திறந்திருந்தால் வெடித்துவிடும்.

இனி அணியத்துப் பிரச்சினை. நடுவில் கப்பலின் வயிறு பெரிது, அணியத்தில் சிறிது. ஆனால் பலகைகளின் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் ஒன்று. அப்படியானால் ஒவ்வொரு பலகையும் முனையில் ஒடுங்க வேண்டும். நேர்ப்பட்டையை அப்படியே ஒட்டினால் ஏறத்தான் செய்யும்.

ஒரு மெல்லிய கடதாசிக் கீலத்தை எடுத்து, நடுவங்கில் ஏராவிலிருந்து மேல்தட்டு விளிம்புவரை வளைத்து ஒட்டி அளவைக் குறியுங்கள். 120 மில்லிமீற்றர் வந்தால், 24 பலகைக்கு ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர். அசல் அளவில் அது ஒன்பதரை அங்குலத்துக்குக் கிட்ட, நம்பக்கூடிய பலகை. இதே கீலத்தை அணியத்து வங்கில் வையுங்கள். 72 வந்தால் அங்கே பலகை 3 மில்லிமீற்றர். ஒவ்வொரு வங்கிலும் இப்படிப் பிரித்துப் பென்சிலால் குறித்துவிட்டுப் பலகையைச் சீவினால் கப்பல் தானாகவே மூடிக்கொண்டு வரும். முனை அகலம் நடு அகலத்தின் பாதிக்குக் கீழே போகிறது என்றால் மட்டும், இரண்டு பலகையை ஒன்றில் முடித்து எண்ணிக்கையைக் குறையுங்கள். பின்பக்கத்தில் சில இடங்களில் மாறாக இடைவெளி வரும். அங்கே ஆப்பு மாதிரி ஒரு சிறு பலகையைச் செருகுவார்கள்.

பலகையின் தடிப்பு 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் இருக்கட்டும், அசலின் 2 அங்குலம் அது. சுடுநீரில் ஊறப்போட்டு, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே வளைத்து, வங்கில் ஊசியால் பிடித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு பசை பூச வேண்டாம், காயும்போது பலகை சுருங்கி நீக்கல் விழும். இடம் வலம் மாறி மாறி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் ஏரா முறுகும், பிறகு அதை நிமிர்த்த முடியாது.

வாசகி, கொட்டடி: காலமான என் அப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த, மாதிரிக் கப்பல் செய்யும் பாகங்கள் அடங்கிய 'விக்டரி' பெட்டி அரைவாசி ஒட்டியபடி இருக்கிறது. முடிக்க விரும்புகிறேன். பெட்டியில் உள்ள படத்தில் ஒரு நிறம், புதிய புகைப்படங்களில் வேறு நிறம். எது சரி? ஈயப் பீரங்கிகளில் வெள்ளைத் தூளும் படிந்திருக்கிறது.

தங்கச்சி, கட்டாயம் முடியுங்கள். அப்பா ஒட்டிய பகுதியில் பசை நன்றாகப் பிடித்திருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு தொடருங்கள்.

விக்டரி என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் 1765இல் கடலில் இறங்கியது. கடற்படைத் தளபதி நெல்சன் அதில் நின்று போரிட்ட டிரஃபல்கார் கடற்போர் 1805. இடையில், 1803இல் முடிந்த பெரிய திருத்தத்தில் பின்பக்கத்துத் திறந்த மாடங்களை மூடிவிட்டார்கள். உங்கள் பெட்டியில் பின்பக்கம் மூடியிருந்தால் அது டிரஃபல்கார்க் கோலம். நிறம் மாறியதற்குக் காரணம் ஆராய்ச்சி. இங்கிலாந்தின் போட்ஸ்மத்தில் நிற்கிற அசல் கப்பலின் பழைய வர்ணப் படைகளைச் சுரண்டிப் பார்த்து, முன்பு அடித்திருந்த கடும் மஞ்சளை விட்டு, 2015இல் வெளிறிய நிறத்துக்கு மாற்றினார்கள். பெட்டி பழையது, படம் பழைய அறிவு. நான் என்றால் புதிய நிறத்தைத்தான் பூசுவேன்.

சுவீடனின் 'வாசா'வுக்கும் இதுதான் நடந்தது. 1628இல் முதல் பயணத்திலேயே தாண்டு, 1961இல் வெளியே எடுத்த கப்பல் அது. நெடுங்காலம் அதன் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்று நம்பினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த வர்ணத் துகள்களை ஆராய்ந்த பிறகு சிவப்பு என்று தெரியவந்தது. அருங்காட்சியகத்து மாதிரியைப் பார்த்தால் இன்றைக்கும் கண் கூசும்.

பீரங்கியில் உள்ள வெள்ளைத் தூள் ஈயம் அரிபடுவதன் அடையாளம். மூடிய பெட்டிக்குள் மரமும் பசையும் வெளிவிடுகிற புளிப்பு ஆவி ஈயத்தைத் தின்னும். தூள் நஞ்சு. ஊதவோ வெறுங்கையால் துடைக்கவோ வேண்டாம், பிள்ளைகளுக்கும் எட்டாமல் வையுங்கள். பீரங்கிகளைப் பித்தளையில் கடைந்து மாற்றுவதுதான் நிரந்தர வழி. முடித்த கப்பலுக்குக் கண்ணாடிப்பெட்டி செய்யும்போது கீழே காற்றுப் போக மெல்லிய துளைகள் விடுங்கள். பெட்டியின் கால்களை நிலத்தில் நேரே வைக்காதீர்கள், யாழ்ப்பாணத்துக் கறையானுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இளைஞர் ஒருவர், குருநகர்: கப்பலின் அணியத்தில் கண் வரையலாமா?

கண் எங்கள் கடலுக்கு அந்நியமில்லை. இந்தியாவின் படகு வகைகளைப் பற்றி 1920இல் எழுதிய ஜேம்ஸ் ஹோர்னெல், அணியத்தில் கண் இருந்த தமிழ்ப் படகுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பொதுவாக ஒரு பழைய தோணியைச் செய்கிறீர்கள் என்றால் தாராளமாக வரையுங்கள். பெயர் தெரிந்த ஒரு குறிப்பிட்ட கப்பல் என்றால் படத்தில் இருந்தால் மட்டும்.

குடும்பத் தலைவி, பருத்தித்துறை: என் அப்பு றங்கூன் போன கப்பலில் வேலை செய்தவர். வீட்டில் அவர் வைத்திருந்த பழைய மரக்கப்பி ஒன்று இருக்கிறது. ஒரு வியாபாரி விலைக்குக் கேட்கிறார். மாதிரிக் கப்பல் செய்பவர்களுக்கு இது உதவுமா?

உதவுமா என்று கேட்கிறீர்கள் அக்கா! எனக்கு வந்த கடிதங்களிலேயே பெறுமதியானது உங்களுடையதுதான். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

கப்பி, தன்னில் ஓடிய கயிற்றின் அளவைச் சொல்லும். தும்புக் கயிறும் சணல் கயிறும் ஓடிய காலத்துக் கணக்கு, கப்பியின் நீளம் கயிற்றின் சுற்றளவைப் போல் மூன்று மடங்கு. கயிற்றை அன்றைக்குச் சுற்றளவால்தான் அளந்தார்கள். உங்கள் கப்பி 9 அங்குலம் என்று வையுங்கள். கயிற்றின் சுற்றளவு 3 அங்குலம், குறுக்களவு ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நெல்லியடித் தம்பியின் அளவில் அது அரை மில்லிமீற்றர் நூல். ஆஞ்சானுக்கு (பாயை ஏற்றும் கயிறு) எந்த நூல், தாமானுக்கு (பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) எந்த நூல் என்று கேட்டு எழுதிய மற்றவர்களுக்கும் இதுதான் பதில். கப்பியிலிருந்து தொடங்குங்கள். நூல் பருத்தியாக இருந்தால் மாரியில் இறுகி வெயிலில் தளரும், பொலியெஸ்டர் நல்லது. தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் மயிர் படிந்துவிடும். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கிற கயிறு கீல் (தார்) பூசியது, கருமையாக இருக்கட்டும். பாயை ஏற்றி இறக்குகிற கயிறு வெளிர்நிறம்.

கப்பியின் நீளம், அகலம், தடிப்பு, உள்ளே உருளும் சக்கரத்தின் குறுக்களவு, கயிறு ஓடும் பள்ளத்தின் அகலம் ஆகியவற்றை எழுதுங்கள். அடிமட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். சக்கரம் மரமா இரும்பா, எங்கே கூடத் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாழும் பெரியவர்கள் யாராவது இருந்தால், அப்பு போன கப்பலின் பெயரையும் கப்பி எந்தப் பாய்க்கு உரியது என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். கழுவவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம், பழைய கீலும் எண்ணெயும் மரத்தில் அப்படியே இருக்கட்டும். அளவுகளை இந்தப் பகுதிக்கு அனுப்பினால் அடுத்த இதழில் வரைந்து போடுகிறேன். வேறு வீடுகளில் சுக்கான் துண்டு, பாய் தைத்த ஊசி, கணக்குக் கொப்பி எது இருந்தாலும் அதையும் இப்படியே அளந்தும் படமெடுத்தும் அனுப்புங்கள்.