ரத்தம் ஏற்றும்போது நோயாளியின் பெயரை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

அம்மாவுக்கு ரத்தம் ஏற்றும்போது சிஸ்டர் நாலு தடவை பெயர் கேட்டார், கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறதே, எதற்கு இது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். அந்த சிஸ்டர் செய்ததுதான் சரி. கேட்காமல் ஏற்றியிருந்தால்தான் நீங்கள் சண்டை போட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஆள் முகம் தெரியாது. ஒரு சின்ன டியூபும் ஒரு படிவமும்தான் வரும். டியூபில் லட்சுமி என்று எழுதியிருந்தால் அது லட்சுமியின் ரத்தம்தான் என்று நம்பி குரூப் பார்க்கிறோம், கிராஸ்மேட்ச் செய்கிறோம், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் இவருடைய ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்க்கிறோம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் எடுத்த ரத்தத்தில் லட்சுமி பெயரை ஒட்டி அனுப்பிவிட்டால், எங்கள் சோதனை அத்தனையும் சரியாகவே வரும். ரத்தப் பை மட்டும் தவறான உடம்புக்குப் போகும். லட்சுமியின் பழைய குரூப் எங்கள் பதிவேட்டில் இருந்தால் பிடித்துவிடலாம். முதல் தடவை வருபவர் என்றால் அதுவும் இல்லை. அதனால்தான் பல இடங்களில் வேறொரு நேரத்தில் இரண்டாவது சாம்பிள் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மறுபடியும் ஊசியா என்று தயவுசெய்து தடுக்காதீர்கள். டியூபில் பெயர் எழுதுவதும் ரத்தம் எடுத்த கையோடு, கட்டில் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். "நீங்க லட்சுமிதானே?" என்றால் காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்றுதான் கேட்க வேண்டும். பெயர் மட்டும் போதவும் போதாது. ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது சாதாரணம். கல்யாணமான பெண்களுக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், கேஸ் ஷீட்டில் வீட்டுக்காரர் இனிஷியல். வயதைக் கேட்டால் "அறுபது இருக்கும்" என்பார்கள். ஆகவே ஐ.பி. நம்பரையும் (அட்மிட் ஆகும்போது ஒவ்வொருவருக்கும் தரும் எண்) சேர்த்துப் பார்ப்பது கட்டாயம். கட்டில் எண்ணை அடையாளமாகவே எடுக்கக் கூடாது, ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பையை மாட்டும் முன் இரண்டு பேர், தனித்தனியாக, கை டேக் (நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் அடையாளப் பட்டை), பையின் லேபிள், கிராஸ்மேட்ச் சீட்டு, குரூப், காலாவதித் தேதி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சில மருத்துவமனைகளில் டேக்கிலும் பையிலும் பார்கோடு ஸ்கேன் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் டேக்கே தவறான கையில் கட்டப்பட்டிருந்தால் இயந்திரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஓ குரூப்காரர் உடம்பில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி (ஒவ்வாத ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்) ஏற்கெனவே இருக்கிறது. தவறான பை ஏறினால் அந்த ரத்தத்தின் சிவப்பு செல்கள் உடையும், கிட்னி பழுதாகலாம், உயிரே போகலாம். சில மில்லி போனாலே ஆரம்பித்துவிடலாம், அதனால் முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், சிறுநீர் சிவப்பாகப் போவது, எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் மயக்கத்தில் இருப்பவரால் இதையெல்லாம் சொல்ல முடியாது. அவருக்குச் சரிபார்ப்பு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: ஊசி போட இடைஞ்சல் என்று சில நேரம் கை டேக்கை வெட்டிவிடுவார்கள். அம்மா கையில் டேக் இல்லை என்றால் ரத்தம் ஏற்றும் முன் புதிது கட்டச் சொல்லுங்கள், அதில் எழுதியிருப்பதை நீங்களும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.